அடைமழைக்கு முன் வாங்கிய பத்து ரீம்: பேப்பரை எங்கே வைப்பது?

"விலை ஏறுவதற்குள் பத்து ரீம் வாங்கிப் போட்டுவிட்டேன். எங்கே வைக்கட்டும்? பீரோவிலா, பிளாஸ்டிக் டப்பாவிலா, ஏசி ரூமிலா?" ஐப்பசி நெருங்கினால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். கேட்பவர்களில் வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள் உண்டு, சின்ன அலுவலகம் நடத்துபவர்கள் உண்டு, புதிதாக ஜெராக்ஸ் கடை போட்டவர்களும் உண்டு. நான் நாகப்பட்டினத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடல் கூப்பிடு தூரம். எங்கள் ஊரில் அப்பளம் நமத்துப்போகிற மாதிரிதான் பேப்பரும் நமத்துப்போகும். அப்பளம் நமத்தது வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். பேப்பர் நமத்தது, மெஷினைக் கழற்றி மெக்கானிக்குக் காசு கொடுத்த பிறகுதான் தெரியும்.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒரு கார்த்திகை மாதம், இரண்டு பக்கமும் அடிக்கும் வேலை. பத்துத் தாளுக்கு ஒரு முறை ஜாம். வந்து பார்த்தவர் ரோலர் தேய்ந்துவிட்டது என்றார், மாற்றினோம். மறுநாளும் அதே கதை. எரிச்சலில் ட்ரேயில் இருந்த பேப்பரை மொத்தமாக எடுத்துப் போட்டுவிட்டுப் புது ரீம் ஒன்றைப் பிரித்து வைத்தேன். மெஷின் மூச்சுவிடாமல் ஓடியது. ரோலருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

## முதலில், பேப்பர் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

பேப்பர் என்பது மரத்தின் நாரோ, கரூர் காகிதபுரத்து ஆலையில் செய்வதுபோல் கரும்புச் சக்கையின் நாரோ, எதுவானாலும் செல்லுலோஸ்தான். செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் தனி ஆசை. ஆலையிலிருந்து வரும்போது காப்பியர் பேப்பரின் எடையில் சுமார் 5 சதவீதம் தண்ணீர் இருக்கும். அது இருக்க வேண்டிய அளவு. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் மழைநாளில் பிரித்த பேப்பரை வெளியே விட்டால், அது 9 சதவீதத்தை ஒட்டிப் போய் நிற்கும்.

4 சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாள் ஒன்று ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 75 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை 75 கிராம், ஆக அந்த ரகத்தில் ஏ4 தாள் ஒன்று 4.7 கிராமை ஒட்டி வரும். 500 தாள் கொண்ட ரீம் 2.34 கிலோ. அதில் 4 சதவீதம் என்றால் 90 கிராமுக்கு மேல். ஒரு ரீம், காற்றிலிருந்து கிட்டத்தட்ட அரை டம்ளர் தண்ணீரைக் குடித்துவிடும்.

இந்தத் தண்ணீர் லேசர் மெஷினுக்குள் போனால் என்ன ஆகும்? டோனர் என்கிற மைப்பொடி பேப்பரில் ஏறுவதே மின்னூட்டத்தால். ஈரப் பேப்பர் அந்த மின்னூட்டத்தைப் பிடித்து வைக்காமல் ஒழுகவிடும். கறுப்பு இருக்க வேண்டிய இடம் சாம்பலாக, திட்டுத்திட்டாக வரும். அப்புறம் ஃபியூசர். 180, 200 டிகிரி சூட்டில் டோனரை உருக்கிப் பேப்பரில் பதிப்பது அதன் வேலை. அந்தச் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விட்டால் டோனர் சரியாக ஒட்டாது. விரலால் தேய்த்தால் கையோடு வரும். தாளும் சுருண்டுகொள்ளும். இரண்டாம் பக்கம் அடிக்க அது திரும்பி உள்ளே போகும்போதுதான் ஜாம். இங்க்ஜெட் என்றால் எழுத்தின் ஓரம் கசியும், படம் அடித்த இடம் அப்பளம்போல் புடைக்கும்.

பேப்பரைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அடுக்கின் விளிம்பு அலை அலையாக நெளிந்திருந்தால் ஓரம் ஈரம் குடித்திருக்கிறது. விளிம்பு இறுகி நடுப்பகுதி தொப்பைபோல் நின்றால் ஓரம் காய்ந்துவிட்டது. ஒற்றைத் தாளை வெளியே விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு வந்துவிடும். அடுக்காக இருந்தால் ஓரம் மட்டும் முதலில் குடிக்கும், நடுவுக்குப் போய்ச் சேர நாள் கணக்காகும். அதனால்தான் அலை.

## எதை வைத்துத் தீர்மானிப்பது?

வழிகளுக்குள் போகுமுன் ஐந்து கேள்விகள். நான் எல்லா வழியையும் இவற்றில்தான் உரசிப் பார்க்கிறேன்.

1. ஈரம் ஒரே நிலையில் நிற்கிறதா? தினமும் ஏறி இறங்கும் ஈரம்தான் பேப்பரை அதிகம் கெடுக்கும்.
2. பிரித்த ரீமைக் காப்பாற்றுகிறதா? பிரிக்காத ரீமைக் காப்பாற்ற எல்லா வழிக்கும் தெரியும்.
3. கரையான், ராமபாணப் பூச்சி, தரை ஈரம் ஆகியவற்றிலிருந்து காக்கிறதா?
4. கண்ணுக்குத் தெரியும் செலவு போக, மறைந்து நிற்கும் செலவு என்ன?
5. தினமும் செய்ய முடியுமா? பத்து நாளில் அலுத்துப்போகும் ஏற்பாடு ஏற்பாடே இல்லை.

## வழி 1: வந்த உறையோடு, திறந்த அலமாரியில்

பலரும் குறைவாக மதிப்பிடும் வழி இது. ரீமைச் சுற்றியிருக்கும் உறையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அது பிளாஸ்டிக் பூச்சு. ஆலையில் இருந்த 5 சதவீத ஈரத்தை அப்படியே உள்ளே பிடித்து வைப்பது அதுதான். உறை கிழியாத வரை அடைமழையிலும் பேப்பர் பெரிதாகக் கெடாது.

எல்லா உறையும் அப்படி இல்லை. மலிவு ரகங்கள் சில சாதாரணத் தாளில் சுற்றி வருகின்றன. தீர்ந்துபோன ரீமின் உறையில் ஒரு துண்டு கிழித்து உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் நல்ல உறை. ஊறிப் பரவினால் அந்த ரகத்தை மழைக்காலத்துக்கு வாங்கி அடுக்காதீர்கள்.

அடுக்கும்போது படுக்கவைத்தே அடுக்குங்கள். புத்தகம்போல் நிறுத்தினால் பேப்பர் வளைந்துகொள்ளும். தரையில் நேராக வேண்டாம், ஒரு பலகையாவது கீழே இருக்கட்டும். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். நாலு விரல் இடைவெளி விட்டால் சுவர் ஈரமும் வராது, கரையான் மண்கூடு கட்டினால் கண்ணிலும் படும். அட்டைப் பெட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு ஒரு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், கீழ்ப்பெட்டியைத் தூக்கும்போது கையோடு வருவது மண்தான்.

இந்த வழியின் ஓட்டை இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ரீமைப் பிரித்த நிமிடமே காவல் முடிந்தது. உறையை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது ஒன்றும் இல்லாததற்குத் தேவலை, அவ்வளவுதான். பாதி ரீமை அப்படி ஒரு வாரம் வைத்தால் மழைக்காலத்தில் ஓரம் நெளிந்துவிடும்.

## வழி 2: பீரோ அல்லது மர அலமாரி

பீரோவுக்குள் வைத்தால் பத்திரம் என்ற நினைப்பு நகையில் தொடங்கி நமக்கு ஊறிப்போனது. இரும்பு பீரோ தூசியையும் எலியையும் தடுக்கும். ஈரக் காற்றைத் தடுக்காது. கதவு இடுக்கு முழுக்க அதற்கு வழிதான். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் முதுகுத்தகடு சில்லிட்டால் உள்ளே வேர்க்கவும் செய்யும். மர அலமாரி கொஞ்சம் மேல், மரமே ஈரத்தை வாங்கிக் கொடுத்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். ஆனால் கரையானுக்கு மரமும் பேப்பரும் ஒரே இலையில் பரிமாறிய விருந்து. பிரிக்காத ரீம்களுக்கு இரண்டும் சரி. பிரித்ததற்கு இரண்டும் உதவாது.

## வழி 3: மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா

பிரித்த ரீமுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஏ4 தாள் மடங்காமல் படுக்க, உள்ளளவு 21க்கு 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். மூடியில் ரப்பர் வளையமும் நான்கு பக்கமும் பூட்டும் கொக்கியும் உள்ள டப்பா. துணி வைக்கும் சாதாரண டப்பாவின் மூடி சும்மா உட்கார்ந்திருக்கும், இறுகாது. கடையிலேயே மூடிவிட்டு இரண்டு பக்கமும் அமுக்கிப் பாருங்கள். காற்று புஸ்ஸென்று வெளியே போனால் அது வேண்டாம்.

இதோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் அதனால் முடிவது எது, முடியாதது எது என்று தெரிந்து போடுங்கள். 30 லிட்டர் டப்பாவில் அடைபட்ட மழைநாள் காற்றில் ஒரு கிராம் தண்ணீர்கூட இருக்காது. 5 கிராம் பொட்டலம் அந்த அளவை எளிதாகக் குடித்துவிடும். ஏற்கனவே நமத்துப்போன ரீமை டப்பாவில் வைத்து அதே பொட்டலத்தைப் போட்டால்? ரீமில் கூடுதலாக இருப்பது 90 கிராம் தண்ணீர். அதை இழுக்க 350 கிராமுக்கு மேல் காய்ந்த ஜெல் வேண்டும். செருப்புப் பெட்டியில் வந்த பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் பேப்பர் காய்ந்துவிடும் என்று காத்திருப்பது, கடலை டம்ளரால் இறைப்பது. நல்ல பேப்பரை நல்லதாகவே வைத்திருக்கத்தான் டப்பா.

ஜெல் வாங்கினால் ஆரஞ்சு நிறத்தில், ஈரம் குடித்தால் பச்சையாகும் ரகம் வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் பழைய ரகத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்த நஞ்சு எதற்கு? நிறம் மாறிய மணிகளை 120 டிகிரி சூட்டில் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். சமையலுக்குப் புழங்கும் தட்டில் வைக்காதீர்கள்.

மறைந்து நிற்கும் செலவு உங்கள் பழக்கம்தான். அவசரத்தில் மூடியைச் சரியாகப் பூட்டாமல் விட்ட டப்பா வெறும் தட்டு. இன்னொன்று, பிரிண்டர் ட்ரே. டப்பாவில் இருந்து 200 தாள் எடுத்து, 20 அடித்துவிட்டு, மீதி 180ஐ ட்ரேயிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனால் டப்பா வாங்கியதே வீண். கடையில் நான் சாத்தும் நேரத்தில் ட்ரேயை உருவி மீதியை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் ஷட்டரை இழுக்கிறேன். அரை நிமிட வேலை. காலையில் முதல் ஜெராக்ஸ் எடுக்க வருபவர் முன் மெஷினைத் திறந்து தாள் உருவும் அவமானம் அதோடு போயிற்று.

## வழி 4: ஏசி அறை

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏசி ஓடும்போது அறையின் ஈரத்தையும் இழுத்து வெளியே விடுகிறது. 24 டிகிரியில் தொடர்ந்து ஓடும் அறையில் ஈரப்பதம் 50, 60 சதவீதத்தில் நிற்கும். பேப்பருக்கு அதைவிடச் சொகுசு வேண்டியதில்லை. ஆனால் நம் அலுவலகங்களில் ஏசி ஓடுவது காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. இரவெல்லாம் ஈரம் ஏறும், பகலெல்லாம் இறங்கும். பிரித்த பேப்பர் தினமும் குடித்துத் தினமும் கக்கும். முதல் கேள்வியிலேயே இந்த வழி தோற்றுவிடுகிறது. பேப்பருக்காக இரவும் ஏசியை ஓட்டலாம்தான். ஒரு மாத மின்கட்டணத்தில் எத்தனை ரீம் வரும் என்று பார்த்தால் யாரும் ஓட்ட மாட்டார்கள்.

இரண்டாவது கண்ணி, பேப்பர் ஏசியிலும் பிரிண்டர் வெளியிலும் இருப்பது. பிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலோர மழைக்காலத்தில் 24, 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றின் நீர் படியும். 22 டிகிரி அறையில் குளிர்ந்த ரீமை வெளியே கொண்டுவந்து உடனே பிரித்தால் அந்த நீர் பேப்பரில்தான் இறங்கும். பாட்டிலில் முத்து முத்தாகத் தெரியும், பேப்பரில் தெரியாது, குடித்துவிடும். ஏசியில் இருந்த ரீமை உறையோடு ஒரு நாள் வெளியே வைத்துவிட்டுப் பிரியுங்கள். லாரியில் இருந்து இறங்கிய பேப்பரை ஏசி அறைக்குள் கொண்டுபோனாலும் அதே ஒரு நாள். பெட்டியாக இருந்தால் இரண்டு நாள்.

ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் பேப்பரை வைக்காதீர்கள். ஓரம் காய்ந்து, நிலைமின்சாரம் ஏறி, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகும். மெக்கானிக் பாஷையில் "டபுள் எடுக்குது".

பேப்பரும் பிரிண்டரும் ஒரே அறையில், அந்த அறையில் ஏசி நாள் முழுக்க என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. சர்வர் வைத்திருக்கும் அலுவலகங்களில் அப்படி ஓர் அறை ஏற்கனவே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

## வழி 5: பல்பு எரியும் அலமாரி, டிஹியூமிடிஃபயர்

கேமரா வைத்திருந்தவர்களின் பழைய வித்தை இது. அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் குண்டு பல்பு, இரவும் பகலும். வேலை செய்யுமா என்றால் செய்யும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று, 35 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் எங்கும் போவதில்லை. சூடான காற்றின் கொள்ளளவு கூடுகிறது, அவ்வளவே. பெரிய காப்பியர் மெஷின்கள் சிலவற்றில் ட்ரேக்கு அடியில் ஹீட்டர் வைப்பதும் இதற்காகத்தான். உங்கள் மெஷினில் அது இருக்கிறதா, சுவிட்ச் அணைந்து கிடக்கிறதா என்று அடுத்த முறை சர்வீஸுக்கு வருபவரிடம் கேளுங்கள்.

ஆனால் மூடிய அலமாரிக்குள் பேப்பரும் சூடான பல்பும் சேர்ந்து இருப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சரிந்த ஒரு தாள் பல்பில் சாய்ந்தால் போதும். போதாக்குறைக்கு இப்போது கடையில் கொடுக்கும் எல்இடி ஜீரோ வாட்டில் சூடே வராது.

டிஹியூமிடிஃபயர், அதாவது அறைக் காற்றின் ஈரத்தை இழுத்துத் தொட்டியில் சேர்க்கும் மெஷின், நல்ல கருவி. சிறியதே 200, 300 வாட் இழுக்கும், அறையைச் சூடாக்கும், தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் கொட்ட வேண்டும். கதவு மூடிய அறையில்தான் பயன். ஷட்டர் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் என் கடை மாதிரி இடத்தில் அதை வைத்தால், ஊரின் ஈரத்தை நான் ஒருவனே இறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐம்பது, நூறு ரீம் அடுக்கும் குடோனுக்கும் அச்சகத்துக்கும் கணக்குச் சரியாக வரும்.

## வழி 6: சேர்த்து வைக்காமல் அவ்வப்போது வாங்குவது

பேப்பரைக் கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நான் இதைத்தான் செய்கிறேன். பத்து நாளுக்கு வேண்டியது மட்டும். பெட்டியாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். ஒரு ரீம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு தாள் 60 பைசா. கெட்டுப்போன தாளின் நஷ்டம் அந்த 60 பைசாவோடு நிற்பதில்லை, அதில் ஏறிய டோனர், ஜாம் எடுக்கும் நேரம், காத்திருக்கும் வாடிக்கையாளரின் முகம் எல்லாம் சேரும். தள்ளுபடி அதற்கு ஈடாகாது.

மறைந்த செலவு, கடைக்காரர் எப்படி வைத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது என்பதுதான். பெட்டியின் அடி மெத்தென்று இருக்கிறதா, ரீமின் மூலை நசுங்கி உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் கடை திறந்திருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். எங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பிரிக்காத ரீம் | பிரித்த ரீம் | பூச்சி, தரை ஈரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| உறையோடு அலமாரி | நன்று | மோசம் | பலகை, இடைவெளி இருந்தால் சரி | உறை கிழிந்தால் முழு ரீம் |
| பீரோ, மர அலமாரி | நன்று | மோசம் | இரும்பு நன்று, மரம் சுமார் | பத்திரம் என்ற பொய் நம்பிக்கை |
| இறுகும் டப்பா | தேவையில்லை | மிக நன்று | மிக நன்று | மூடும் பழக்கம் |
| ஏசி, பகல் மட்டும் | நன்று | சுமார் | சரி | தினசரி ஏற்ற இறக்கம் |
| ஏசி, நாள் முழுக்க | மிக நன்று | மிக நன்று | சரி | மின்கட்டணம் |
| டிஹியூமிடிஃபயர் | மிக நன்று | நன்று | சரி | மின்சாரம், சூடு, மூடிய அறை |
| அவ்வப்போது வாங்குவது | கடைக்காரர் பொறுப்பு | டப்பா வேண்டும் | பிரச்சினை இல்லை | தள்ளுபடி இழப்பு, அலைச்சல் |

பல்பு அலமாரியை அட்டவணையில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை.

## யாருக்கு எது?

வீட்டில் மாதம் ஒரு ரீமுக்குள் அடிப்பவருக்கு ஒரு டப்பா போதும். மூன்று ரீமுக்கு மேல் வாங்க வேண்டாம், பிரிக்காதவை அலமாரியில் உறையோடு படுத்திருக்கட்டும். பத்து ரீம் வாங்கிவிட்ட அந்த டியூஷன் டீச்சருக்கும் இதேதான்: ஒன்பதைத் தொடாதீர்கள், ஒன்றை மட்டும் டப்பாவில் வைத்து எடுங்கள். ஒன்று தீராமல் அடுத்ததைப் பிரிக்கவே கூடாது.

பகல் மட்டும் ஏசி ஓடும் அலுவலகத்தில் ரீம்கள் பிரிண்டர் இருக்கும் அறையிலேயே இருக்கட்டும், மாலையில் ட்ரேயைக் காலி செய்து டப்பாவில் போடும் வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். "யாராவது" செய்வார்கள் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

பத்திரம் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முத்திரைத்தாள் பூச்சுப் போட்ட உறையில் ரீமாக வருவதில்லை, உதிரியாக வருகிறது. ஒரு தாள் ஜாமில் கசங்கினால் போவது 60 பைசா அல்ல. டப்பாவிலேயே வையுங்கள், அடிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் கைவழி ட்ரேயில் கொடுங்கள். போட்டோ பேப்பருக்கும் டப்பாதான், அதுவும் வந்த பையோடு. ஈரம் பட்டால் அதன் பளபளப்புப் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க ஈரமானி வாங்கலாம், சில நூறு ரூபாய்தான். அது இல்லாவிட்டால் அடுப்படித் தராசு. புதிதாகப் பிரித்த ரீமில் 100 தாளை எண்ணி எடை போட்டுக் குறித்து வையுங்கள். 75 ஜிஎஸ்எம் என்றால் 468 கிராமை ஒட்டி வரும். கொஞ்சம் முன்பின் இருப்பது ரகத்தைப் பொறுத்தது. நீங்கள் வைக்கும் இடத்தில் மூன்று நாள் விட்டு அதே 100 தாளை மறுபடி போடுங்கள். 10, 15 கிராம் கூடியிருந்தால் கூடியது முழுக்கத் தண்ணீர்.

## ஏற்கனவே நமத்துப்போயிருந்தால்

வெயிலில் காயவைக்காதீர்கள். ஓரம் சுருண்டு, மேல் தாள் மஞ்சளாகி, நடு அப்படியே ஈரமாக நிற்கும். இஸ்திரிப்பெட்டி வைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 500 தாளையும் தேய்ப்பதற்குள் புது ரீம் வாங்கி வந்துவிடலாம். ஏசி ஓடும் அறையில் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, விசிறி, மேஜைமேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அரை நாள் விட்டால் ஓரளவு மீளும். அதைக்கூட இரண்டு பக்கம் அடிக்கும் வேலைக்கு எடுக்காதீர்கள், ஒரு பக்கக் காப்பிக்கு ஆகும். அலை அடித்த விளிம்பு அதற்கும் மசியாவிட்டால் மெஷினோடு மல்லுக்கட்டாமல் அந்தக் கட்டைப் பில் எழுதவும் கணக்குப் போடவும் எடுத்து வைத்துவிடுங்கள். என் மேஜையில் அப்படி ஒரு கட்டு எப்போதும் இருக்கிறது. இந்த அட்டவணையை முதலில் போட்டுப் பார்த்ததும் அதில் ஒரு தாளில்தான்.